மழைக்கு ஒதுங்கிய மின்னல்

2025 ஜூன் 14-ஆம் தேதி இரவு, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அழையாத விருந்தாளி ஒருவர் வந்து இறங்கினார். பெயர் எஃப்-35பி. செல்லப்பெயர் மின்னல். பிறந்தது அமெரிக்காவில், வேலை பார்ப்பது பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில். மதிப்பு சுமார் பதினோரு கோடி டாலர். எந்த நாட்டு ரேடாரின் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டு நுழைந்து, வந்த காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பக்கூடியவர் என்று விளம்பரம். அன்றைக்கு என்ன ஆயிற்றென்றால், கடலில் வானிலை மோசம், கப்பலுக்குத் திரும்ப முடியவில்லை, எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது, இறங்கிவிட்டார். எரிபொருளை நிரப்பிக்கொண்டு கிளம்பலாம் என்று பார்த்தால் ஹைட்ராலிக் கோளாறு.

ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஐந்து வாரத்துக்கும் மேல். தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த நேரம். ஏர் இந்தியாவின் ஹேங்கர் காலியாக இருக்கிறது, உள்ளே தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். பிரிட்டிஷ் தரப்பு முதலில் வேண்டாம் என்றுவிட்டது. கூரைக்குக் கீழே போனால் தொழில்நுட்ப ரகசியம் கசிந்துவிடும் என்ற பயம் என்று பத்திரிகைகள் எழுதின. ஆக, ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காகத் திறந்த வெளியில் நிறுத்தினார்கள். துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் கிளம்பிய பயணிகள் ஜன்னலோரத்தில் இருந்தபடியே மொபைலில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் ஜவான்கள் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். கேரளச் சுற்றுலாத் துறை அந்த விமானமே தங்கள் ஊருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்ததாக ஒரு விளம்பரம் போட்டு, உலகத்தையே சிரிக்க வைத்தது. ஜூலை 6-ஆம் தேதி இங்கிலாந்திலிருந்து பொறியாளர்கள் வந்திறங்கிய பிறகுதான் மின்னல் மழைக்கு ஒதுங்கியது. ஜூலை 22-ஆம் தேதி ஆஸ்திரேலியா பக்கம் பறந்தது.

சிரித்தாயிற்று. இனிக் கோபப்படலாம்.

விமானம் பழுதாவது குற்றமில்லை. டவுன் பஸ்ஸே பழுதாகிறது. குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. போர் விமானம் வடிவமைக்கிற எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: ஒன்றை விட்டால்தான் இன்னொன்று கிடைக்கும். வேகம் வேண்டுமா, தூரத்தில் குறையும். மறைவு வேண்டுமா, சுமையில் குறையும். எடை குறைய வேண்டுமா, எதையாவது கழற்றி வைக்க வேண்டும். இது இயற்கையின் சட்டம், இதில் மோசடி இல்லை. மோசடி தொடங்குவது, எதை விடுவது, யாருக்குப் பங்கமாக விடுவது என்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து முடிவெடுக்கும்போது. பைலட்டின் மூச்சை விட்டிருக்கிறார்கள். மெக்கானிக்கின் தூக்கத்தை விட்டிருக்கிறார்கள். வரி கட்டுகிறவனின் பணத்தை விட்டதற்குக் கணக்கே இல்லை. கம்பெனியின் லாபத்தை விட்டுப் பார்க்கலாமே என்று அந்த அறையில் யாருக்கும் அநேகமாகத் தோன்றியதில்லை.

முதலில் இந்த மறைவு வித்தை என்னவென்று பார்த்துவிடுவோம். ரேடார் அலையை அனுப்புகிறது, விமானத்தில் பட்டு எதிரொலி திரும்புகிறது. விமானத்தின் பக்கங்களைச் சாய்த்துச் செதுக்கினால் அலை வந்த வழியே திரும்பாமல் வேறு பக்கம் சிதறும். மிச்சத்தை உறிஞ்ச மேலே ஒரு பூச்சு. இவ்வளவுதான் ஸ்டெல்த். ஆனால் கணக்கு கொடியது. எதிரொலியைப் பதினாறில் ஒரு பங்காக்கினால், ரேடார் கண்டுபிடிக்கிற தூரம் பாதியாகத்தான் குறையும். அந்தத் தூரத்தைப் பத்தில் ஒன்றாக்க வேண்டுமானால் எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்க வேண்டும். ‘கண்ணுக்குத் தெரியாத விமானம்’ என்று நம் தொலைக்காட்சிகள் அலறுவதெல்லாம் சும்மா. சரியாகச் சொன்னால் அது தாமதமாகத் தெரிகிற விமானம். அந்தத் தாமதத்துக்குத்தான் இத்தனை ஆயிரம் கோடி.

அலை சிதறும் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் ஒரு சோவியத் இயற்பியலாளர் என்பது இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். பியோத்தர் உஃபிம்சேவ். ஒரு பொருளின் விளிம்பில் பட்ட அலை எப்படிச் சிதறும் என்று 1962-ல் மாஸ்கோவில் ஒரு புத்தகம் வெளியிட்டார். ராணுவத்துக்கு உதவாத சமாசாரம் என்று தணிக்கை அதிகாரிகள் அனுமதித்துவிட்டார்கள். கவிஞர்களின் வரிகளை வரிக்கு வரி சலித்துப் பார்த்த அரசு, தன் வான்படையின் தலையில் விழப்போகிற சமன்பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தியது. அமெரிக்க விமானப்படை 1971-ல் அதை மொழிபெயர்த்தது. லாக்ஹீடு நிறுவனத்துக் கணித வல்லுநர் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதை வைத்துக் கணினி நிரல் எழுதினார். அதிலிருந்து எஃப்-117 பிறந்தது.

அன்றைய கணினியால் தட்டையான பலகைகளின் கணக்கைத்தான் போட முடிந்தது. அதனால் விமானமே தட்டைப் பலகைகளை ஒட்டியது போல ஆயிற்று. ஒலியை மிஞ்சும் வேகம் இல்லை, துப்பாக்கி இல்லை, ரேடார் இல்லை. சண்டை விமானத்துக்குரிய ‘எஃப்’ மட்டும் பெயரில் இருந்தது. 1999 மார்ச் 27 அன்று செர்பியாவின் புட்யனோவ்ட்ஸி கிராமத்துக்கு அருகே, ஸோல்டான் டானி என்ற அதிகாரியின் ஏவுகணைப் பிரிவு அதைச் சுட்டு வீழ்த்தியது. பயன்படுத்தியது 1960-களின் சோவியத் ஏவுகணை வகை. முதலில் மோப்பம் பிடித்தது நீண்ட அலைவரிசையில் இயங்கும் பழைய ரேடார். குட்டை அலைக்காகச் செதுக்கிய உடம்பு, நெட்டை அலைக்கு முன்னால் அவ்வளவாக மறைவதில்லை. அந்த ரேடாரிடமிருந்தும் தப்ப வேண்டுமானால் வால் துடுப்புகளே இல்லாத பெரிய இறக்கை வேண்டும். வால் இல்லாவிட்டால் சட்டென்று வளைந்து திரும்ப முடியாது. சட்டென்று திரும்பாத சண்டை விமானம் எதற்கு? ஒன்றை விட்டால்தான் இன்னொன்று.

வால் இல்லாத பெரிய இறக்கைதான் பி-2. 1988 நவம்பர் 22 அன்று கலிஃபோர்னியாவின் பாம்டேலில் ஊருக்குக் காட்டினார்கள். முன்பக்கத்தை மட்டும் பாருங்கள், பின்பக்கம் வரக்கூடாது என்று கயிறு கட்டிப் பத்திரிகையாளர்களை நிறுத்தினார்கள். தலைக்கு மேலே வானத்தை மூட மறந்துவிட்டார்கள். ‘ஏவியேஷன் வீக்’ பத்திரிகைக்காரர்கள் ஒரு சின்ன செஸ்னா விமானத்தை வாடகைக்குப் பிடித்து மேலே பறந்து, பின்பக்கத்தை ஆற அமரப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். உலகத்தின் எல்லா ரேடார்களுக்கும் தப்பப்போகிற விமானத்தின் முதல் தோல்வி, பெட்ரோலுக்குக் காசு கொடுத்த ஒரு புகைப்படக்காரரிடம்.

132 வாங்குவதாக இருந்தார்கள். விலை ஏறியது. ஏறியதும் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். குறைத்ததும், ஆராய்ச்சிச் செலவைச் சுமக்க ஆளில்லாமல் ஒன்றின் விலை இன்னும் ஏறியது. 132 என்பது 75 ஆகி, 20 ஆகி, கடைசியில் ஒரு சோதனை விமானத்தையும் துடைத்துச் சேர்த்து 21-ல் நின்றது. மொத்தச் செலவை வகுத்தால் ஒன்றுக்கு 210 கோடி டாலர். நடுவில் ஒரு வேடிக்கை. மிக உயரத்தில் பறக்கப் பிறந்த விமானத்தைத் தரையோடு தரையாகவும் பறக்க வைக்கலாமே என்று எண்பதுகளில் யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தோன்ற, இறக்கையையே மறுபடி வரைந்தார்கள். சுமார் நூறு கோடி டாலர் அதற்கே போயிற்று. பின் விளிம்பில் ரம்பப் பற்கள் போல வரிசையாக முளைத்தவை அந்த யோசனையின் தழும்புகள். அதன் வாரிசாக இப்போது வந்திருக்கும் பி-21-ஐப் பாருங்கள், அந்தப் பற்களைக் காணோம். முதலில் வரைந்த எளிய கோட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

அந்தப் பூச்சு இருக்கிறதே, அதற்கு மழை ஆகாது. ஈரக்காற்று ஆகாது. வெயிலும் அளவோடு வேண்டும். 1997-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு அறிக்கையாகவே எழுதியது: குளிரூட்டிய கொட்டகையில் வைக்காவிட்டால் பி-2-இன் மறைவு கெட்டுவிடும். ஒரு மணி நேரம் பறக்க நூறு மணி நேரத்துக்கு மேல் பராமரிப்பு வேலை. ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இது பறந்தும் தின்றது, நின்றும் தின்றது. 2008 பிப்ரவரி 23, குவாம் தீவு. காற்றழுத்தம் அளக்கும் கருவிகளில் ஈரம் புகுந்து, பறக்கும் வேகத்தைக் கணினிக்குத் தப்பாகச் சொன்னது. ஓடுபாதையை விட்டு எழும்பிய விமானம் மூக்கை நிமிர்த்தி, சாய்ந்து, தரையில் மோதி எரிந்தது. விமானிகள் இருவரும் குதித்துத் தப்பினார்கள். 140 கோடி டாலர் சாம்பல். கிளம்புமுன் கருவியின் ஹீட்டரைப் போட்டு ஈரத்தை உலர்த்தும் வழி சில பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதை முறையாக எழுதி எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

இதெல்லாம் பணம். போனால் போகட்டும் என்று அமெரிக்கர்கள் நினைத்தால் அது அவர்கள் பாடு. இன்னொரு மறைவு விமானமான எஃப்-22-இன் கதைக்கு வாருங்கள். அதன் எடையைக் குறைக்க வேண்டியிருந்தது. பைலட்டுக்கு ஆக்சிஜன் நின்றால் தானாகவே இயங்கி மூச்சைக் கொடுக்கும் மாற்று ஏற்பாடு ஒன்று இருந்தது. சில கிலோ எடை. கழற்றி வைத்தார்கள். 2010 நவம்பரில் அலாஸ்காவில் ஒரு எஃப்-22-இல் காற்றுக்குழாய்க் கோளாறால் ஆக்சிஜன் நின்றது. இருட்டில், தடித்த கையுறையோடு, இருக்கையின் ஓரத்தில் இருக்கும் சின்ன வளையத்தை இழுத்துத்தான் அவசர ஆக்சிஜனை அந்த விமானி திறக்க வேண்டும். விமானம் தரையில் மோதியது, அவர் செத்தார். விமானப்படை விசாரித்து, விமானத்தைக் கவனிக்கத் தவறியது விமானியின் குற்றம் என்று எழுதி மூடியது. அந்த முடிவுக்குப் போதிய ஆதாரமில்லை என்று பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2013-ல் சொல்ல வேண்டியிருந்தது. மூச்சு நின்ற மனிதன் கவனக்குறைவாக இருந்தானாம்! நம் ஊரில் பாலம் இடிந்தால் லாரி டிரைவர் மேல் வழக்குப் போடுவார்களே, அந்தப் புத்தி இங்கேதான் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

எஃப்-35-இலும் அதே எடைப் பைத்தியம். விமானத்துக்குள் தீப்பிடித்தால் எரிபொருள் ஓட்டத்தையும் குளிர்விக்கும் எண்ணெயையும் நிறுத்துகிற பாதுகாப்பு அடைப்பான்களைக் கழற்றினார்கள். மிச்சமானது மொத்தம் 5 கிலோ. குண்டடி பட்டால் விமானம் போய்விடும் அபாயம் அதனால் 25 சதவீதம் கூடியது என்று பென்டகனின் சோதனைப் பிரிவே எழுதியது. ஐந்து கிலோ. எடை குறைப்பதில் இவ்வளவு சிக்கனமானவர்கள் அதே விமானத்தின் பைலட்டுக்குக் கொடுக்கும் ஹெல்மெட்டின் விலை 4 லட்சம் டாலர்.

எடை ஏன் இப்படிக் கழுத்தை நெரித்தது? விமானப்படைக்கு ஓடுபாதையில் ஓடி ஏற வேண்டும். கடற்படைக்குக் கப்பல் தளத்தில் கொக்கி மாட்டி நிற்க வேண்டும். மரீன் படைக்கு நின்ற இடத்தில் செங்குத்தாக இறங்க வேண்டும். மூன்று மகள்களுக்கும் ஒரே அளவில் ஒரே ஜாக்கெட் தைத்தால் கூலி மிச்சம் என்று ஒரு தையல்காரர் சொன்னால், அம்மா அவரை வாசலோடு அனுப்பிவிடுவாள். பென்டகன் 2001 அக்டோபரில் அவருக்கு முன்பணம் கொடுத்தது. செங்குத்தாக இறங்க பைலட்டின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய விசிறி வேண்டும். விசிறிக்கு இடம் விட்ட பருத்த உடம்பை, விசிறியே தேவைப்படாத மற்ற இரண்டும் சுமக்கின்றன. விசிறி வைத்ததோ, எடை தாங்காமல் குண்டு வைக்கும் அறையைச் சுருக்கிக்கொண்டது. பெரும்பாலான பாகங்கள் மூன்றுக்கும் பொது என்று ஆரம்பித்த திட்டம், கால்வாசி பொதுவாக இருந்தாலே பெரிது என்ற நிலைக்கு வந்தது. இதே கூத்தை 1961-ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா எஃப்-111-ஐ வைத்து ஆடிப் பார்க்க, 1968-ல் கடற்படை கழற்றிக்கொண்டு ஓடியது. யாரும் மறந்துவிடவில்லை. 2013-ல் ராண்ட் ஆய்வு நிறுவனம் உட்கார்ந்து கணக்குப் போட்டு, மூன்று விமானத்தைத் தனித்தனியாகவே செய்திருந்தால் செலவு குறைந்திருக்கும் என்று சொல்லிற்று. சொல்லும்போது தொழிற்சாலைகள் நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட மாகாணங்களில் வேரோடிவிட்டன. எந்த எம்.பி. தன் தொகுதி வேலைவாய்ப்பை மூடச் சொல்லிக் கை தூக்குவார்? ரேடாரிடமிருந்து காப்பாற்ற விமானத்தின் வடிவம். ரத்தாகாமல் காப்பாற்ற உதிரிபாகத் தொழிற்சாலைகளின் வரைபடம். இரண்டாவது வடிவமைப்பில் மட்டும் இதுவரை ஒரு பழுதும் வந்ததில்லை.

பெயர் மின்னல் என்றேனல்லவா? எரிபொருள் தொட்டிக்குள் தீப்பிடிக்காமல் காக்கும் ஏற்பாட்டில் குறை இருந்ததால், இடிமின்னலிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியே பறக்க வேண்டும் என்று சோதனைக் காலத்தில் தடை போட்டார்கள். 2020-ல் விமானப்படைக்கான ஏ ரகத்துக்கு மறுபடியும் கட்டுப்பாடு வந்தது. மின்னல் மின்னலுக்குப் பயந்தது. மறைவு வித்தையில் மட்டும் குறை சொல்ல முடியாது. 2023 செப்டம்பர் 17 அன்று தென் கரோலினாவில் ஒரு எஃப்-35பி-யிலிருந்து பைலட் குதித்துவிட, அது ஆளில்லாமலே 11 நிமிடம் பறந்து எங்கோ போய் விழுந்தது. எங்கே என்று ராணுவத்துக்குத் தெரியவில்லை. யாராவது பார்த்தால் தகவல் சொல்லுங்கள் என்று பொதுமக்களிடம் தொலைபேசி எண் கொடுத்துக் கேட்டார்கள். காணாமல் போன கன்றுக்குட்டிக்குத் தண்டோரா போட்டிருக்கிறோம். விமானத்துக்குப் போட்டது அமெரிக்காதான்.

வாங்கினவன் கதை இப்படி என்றால் வளர்க்கிறவன் கதை இன்னும் மோசம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சுமார் 2,500 எஃப்-35-களை 2088 வரை பராமரிக்க மட்டும் 1.58 லட்சம் கோடி டாலர் ஆகும் என்று 2024-ல் தணிக்கை அமைப்பு மதிப்பிட்டது. செலவு ஏற ஏற, பறக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளத் திட்டம். 2023 மார்ச்சில், கையில் இருந்தவற்றில் வேலைக்குத் தயாராக நின்றவை 55 சதவீதம்தான். அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஓராண்டு காலம், புது மென்பொருள் முடியவில்லை என்பதால், தயாரான விமானங்களை வாங்கிக்கொள்ளாமலே நிறுத்தி வைத்தார்கள். பிறகு, முடியாத மென்பொருளோடேயே வாங்கிக்கொண்டார்கள். இந்தப் பணத்தையெல்லாம் செலவழிக்கும் பென்டகன், 2018-ல் முழுத் தணிக்கை தொடங்கியதிலிருந்து ஒரு ஆண்டுகூடத் தேர்ச்சி பெற்றதில்லை.

நார்மன் அகஸ்டின் என்று ஒரு பெரியவர். விமான விலை ஏறும் வேகத்தை வரைபடமாகப் போட்டு, எண்பதுகளில் ஒரு நக்கல் விதி எழுதினார். 2054-ல் மொத்தப் பாதுகாப்பு பட்ஜெட்டுக்கும் ஒரே ஒரு விமானம்தான் வாங்க முடியும். வாரத்தில் மூன்றரை நாள் விமானப்படையும் மூன்றரை நாள் கடற்படையும் வைத்துக்கொள்ளும். லீப் ஆண்டில் கூடுதலாக வரும் ஒரு நாள் மரீன் படைக்கு. நாடே சிரித்தது. அகஸ்டின் பிறகு என்ன செய்தார் தெரியுமா? லாக்ஹீடு மார்ட்டின் நிறுவனத்தின் தலைமை அதிகாரியானார். வியாதியைச் சரியாகக் கண்டுபிடித்த வைத்தியர், வியாதிக்கே மேனேஜராகப் போய்ச் சேர்ந்தார்.

இடையில் எஃப்-22 என்ன சாதித்தது என்று கேட்பீர்கள். 750 வாங்குவதாகச் சொல்லி 187-ல் நிறுத்திய அந்த வேட்டைப் பறவை, 2007-ல் பசிபிக் கடலின் மேலே சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டியதும் கணினிகள் செத்து, கூட வந்த எரிபொருள் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஹவாய்க்குத் திரும்பியது. வானத்தில் அது 2023 பிப்ரவரி 4 அன்று வீழ்த்திய முதல் எதிரி, ஒரு சீன பலூன். சுட்டது 4 லட்சம் டாலர் ஏவுகணையால்.

இனி வரப்போவதைப் பார்ப்போம். சீனாவோடு சண்டை என்று வந்தால் களம் பசிபிக். குவாமிலிருந்து தைவான் 2,700 கிலோமீட்டருக்கு மேல். எஃப்-35ஏ போய்த் திரும்பக்கூடிய தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர். எரிபொருளையும் குண்டையும் வயிற்றுக்குள்ளேயே வைத்தால்தான் மறைவு; வெளியே ஒரு தொட்டியைத் தொங்கவிட்டால் ரேடாரில் பளிச்சென்று தெரியும். ஆகவே நடு வானில் எரிபொருள் ஊட்ட வேண்டும். ஊட்டுகிற கே.சி.-46 என்பது போயிங் 767 பயணிகள் விமானத்தின் உடம்பு. பார்க்கிற ரேடாருக்கெல்லாம் கல்யாண ஊர்வலம் மாதிரி தெரியும். அதைச் சுட்டுவிட்டால், மறைந்திருக்கும் விமானங்கள் மறைந்தபடியே கடலில் விழ வேண்டியதுதான். 2025 மார்ச் 21 அன்று டிரம்ப் அறிவித்த அடுத்த தலைமுறை விமானத்துக்கு 1,850 கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள். முன்னேற்றம்தான், கணக்கு இன்னும் உதைக்கிறது. அதற்கு வைத்த பெயர் எஃப்-47. அறிவித்தவர் 47-ஆவது ஜனாதிபதி. இரண்டாம் உலகப் போர் விமானமான பி-47-க்கும் விமானப்படை பிறந்த 1947-க்கும் கூட மரியாதை செலுத்துகிறோம் என்று தளபதி விளக்கினார். தூரம், வேகம், மறைவு, விலை எல்லாம் பேரத்துக்கு உட்பட்டவை. பெயர் மட்டும் முதல் நாளே முடிவாகிவிட்டது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பி-21 ஒப்பந்தத்தில், முதலில் செய்யும் விமானங்களுக்கு விலையை முன்கூட்டியே கட்டிப்போட்டார்கள். செலவு மிஞ்சியது. 2024 ஜனவரியில் நார்த்ராப் நிறுவனம் 156 கோடி டாலர் நஷ்டக் கணக்குக் காட்ட வேண்டி வந்தது. கே.சி.-46-இல் போயிங்குக்கும் அதே அடி, பல நூறு கோடி. ஆக, கம்பெனியின் தலையிலும் கொஞ்சம் மிளகாய் அரைக்க முடியும் என்று நிரூபணமாயிற்று. என்ன பாடம் கற்றார்கள்? இனிமேல் இப்படி விலை கட்டிய ஒப்பந்தங்களில் கையெழுத்தே போடமாட்டோம் என்று கம்பெனிகள் கற்றுக்கொண்டன. எஃப்-47-ஐ உருவாக்குவதற்கு, ஆன செலவைக் கொடுத்து மேலே ஊக்கத்தொகையும் கொடுக்கிற ஒப்பந்தம் என்று அரசாங்கம் கற்றுக்கொண்டது.

நமக்கும் ஆசை வந்தாயிற்று. 2025 பிப்ரவரியில் பெங்களூர் எலஹங்கா கண்காட்சிக்கு எஃப்-35-ம் ரஷ்யாவின் சு-57-ம் சேர்ந்தே வந்து குட்டிக்கரணம் போட்டுக் காட்டின. அதே மாதம் வெள்ளை மாளிகையில் பிரதமரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எஃப்-35 தருவோம் என்றார் டிரம்ப். நாமே செய்யப்போகும் ஆம்கா விமானத்துக்கு 2024 மார்ச்சில் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். தொடக்கத்தில் எஞ்சின் மட்டும் அமெரிக்காவிலிருந்து. எஞ்சினைக் கொடுக்கிறவன் மனது மாறினால் நம்முடையதும் கண்ணுக்குத் தெரியாத விமானம்தான், எந்த வானத்திலும்.

ஆனால் இவ்வளவு நேரமும் விமானத்துக்கு மேலே நின்றே பேசிவிட்டோம். கீழே என்ன நடக்கிறது?

1999 மே 7 இரவு. மிசூரியிலிருந்து கிளம்பிய பி-2 ஒன்று பெல்கிரேடின் மேல் ஐந்து குண்டுகளைப் போட்டது. யாரும் பார்க்கவில்லை. குண்டுகள் சொன்ன இடத்தில் இம்மி பிசகாமல் விழுந்தன. சொன்ன இடம் சீனத் தூதரகம். மூன்று பத்திரிகையாளர்கள் செத்தார்கள். அழிக்க நினைத்தது யூகோஸ்லாவியாவின் ராணுவக் கொள்முதல் அலுவலகத்தை; அது அதே பகுதியில் வேறு தெருவில் இருந்தது. தூதரகம் அங்கே குடிவந்தது சி.ஐ.ஏ. வைத்திருந்த வரைபடத்தில் ஏறவே இல்லை. 210 கோடி டாலர் விமானம், பழைய வரைபடம். தபால்காரர் செய்யமாட்டார் இந்தத் தப்பை. செத்தவர் குடும்பங்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்த தொகை 45 லட்சம் டாலர். கட்டடத்துக்கு 2.8 கோடி.

2024 ஜூலை 13, காசாவின் அல்-மவாசி. இடம்பெயர்ந்தவர்களின் கூடாரங்கள் நிறைந்த, பாதுகாப்பான பகுதி என்று இஸ்ரேலே அறிவித்த இடம். சுமார் 900 கிலோ எடையுள்ள குண்டுகள் விழுந்தன. 90 பேர் செத்ததாக காசா சுகாதாரத் துறை சொன்னது. தாக்கியதில் எஃப்-35 இருந்ததை டென்மார்க்கின் ‘இன்ஃபர்மேஷன்’ நாளிதழும் ‘டான்வாட்ச்’ அமைப்பும் கேட்டபோது இஸ்ரேல் ராணுவமே ஒப்புக்கொண்டது. காசாவிடம் போர் விமானம் இல்லை, எஃப்-35-ஐ வீழ்த்தக்கூடிய ஏவுகணை அரண் இல்லை. ரேடாருக்குப் பயந்து இத்தனை லட்சம் கோடியில் மறையக் கற்றுக்கொண்ட விமானத்தை, ரேடாரே இல்லாத கூடாரங்களின் மேல் பறக்க விட்டார்கள்.

இங்கேதான் அந்த வடிவமைப்பின் கடைசிப் பெருமை வெளிப்படுகிறது. செலவைக் குறைக்க எஃப்-35-க்கு உலகம் முழுவதற்கும் ஒரே உதிரிபாகக் கிடங்கு ஏற்பாடு. எந்த நாட்டில் செய்த பாகம் எந்த நாட்டு விமானத்துக்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாதாம். ஒவ்வொரு விமானத்தின் மதிப்பிலும் சுமார் 15 சதவீதம் பிரிட்டனில் செய்தது. 2024 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு, மனிதாபிமானச் சட்டம் மீறப்படும் அபாயம் தெளிவாக இருக்கிறது என்று சொல்லி, இஸ்ரேலுக்கான சுமார் 30 ஆயுத உரிமங்களை நிறுத்தி வைத்தது. எஃப்-35 பாகங்களுக்கு மட்டும் விலக்கு. பொதுக் கிடங்குக்கு அனுப்புவதை நிறுத்தினால் உலக அமைதிக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து என்று வாதாடினார்கள். 2025 ஜூன் 30 அன்று லண்டன் உயர் நீதிமன்றம், இதெல்லாம் அரசாங்கம் முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்று வழக்கைத் தள்ளியது.

நெதர்லாந்தில் நீதிபதிகளுக்குக் கொஞ்சம் முதுகெலும்பு இருந்தது. 2024 பிப்ரவரி 12 அன்று ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏழு நாளுக்குள் இஸ்ரேலுக்கு எஃப்-35 பாகங்கள் அனுப்புவதை நிறுத்து என்று உத்தரவு போட்டது. அரசு அப்படியே கீழ்ப்படிந்தது. இஸ்ரேல் என்று முகவரி எழுதிய பெட்டிகள் நின்றன. அமெரிக்கா என்று முகவரி எழுதிய பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவை அங்கிருந்து எங்கே போகும் என்று வழக்குப் போட்டவர்கள் மறுபடி கேட்டபோது, உத்தரவை அரசு மீறவில்லை என்றது கீழ் நீதிமன்றம். ரேடாரிலிருந்து மறைய லாக்ஹீடுக்கு அரை நூற்றாண்டும் ஒரு சோவியத் இயற்பியலாளரும் தேவைப்பட்டார்கள். சட்டத்திலிருந்து மறைய, பெட்டியின் மேல் ஒட்டும் ஒரு சீட்டு போதுமாயிருந்தது.